ரெண்டரை வயசு

பொன்னுமணிக்கு ரெண்டரை வயசு என்று பாண்டியம்மாள் முதன்முதலாகச் சொன்னபோது பிள்ளைக்கு ஐந்து முடிந்திருந்தது.

சொல்லிக்கொடுத்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி அழகுமலை. சிலமலையிலிருந்து மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை அவன்தான் ஓட்டினான். எழுபத்தொன்பதாம் வருசம் அடிவாரத்துச் செக்போஸ்டுக்குப் பெத்துராஜ் என்று ஒரு மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். வருகிற ஜீப்பையெல்லாம் நிறுத்தி, பின்பக்கம் தலையை நுழைத்து ஆள் எண்ணினார். டிரைவரைத் தவிர ஒன்பது பேர்தான் போகலாம்.

"சட்டம் என்ன சொல்லுதுன்னா யக்கா, மூணு வயசுக்குள்ள இருந்தா அது ஆளே இல்ல. மூணுக்கு மேல பன்னெண்டு வரைக்கும் அரை ஆளு. அதுக்கு மேலதான் முழு ஆளு" என்றான் அழகுமலை.

"அப்ப நீ எப்ப முழு ஆளாகப் போற மாப்ளே?" என்று கூட வேலைக்கு வரும் ராக்கு கேட்டாள். ஜீப்பே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. ஒம்பது பேரு ஏறியாச்சு. மேல ஒரு அரை ஏறுச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிருவாரு. அம்புட்டுப் பேருக்கும் அன்னைக்குச் சோலி போச்சு. அதனால இவளுக்கு ரெண்டரை. மடியிலயே இருக்கட்டும். ஆளா இல்லாதது சீட்டுல ஒக்காரப்படாது."

பாண்டியம்மாளுக்கு மறுத்துப் பேச வழியில்லை. புருசன் இறந்து ஒரு வருசம் ஆகிறது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஒரு நாய்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஜூன் மாதம் கூட்டிப்போனாள். வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். ஒரு விரல்கடை எட்டவில்லை. அடுத்த வருசம் வா என்றுவிட்டார். ஒரு விரல்கடையில் பள்ளிக்கூடம் போயிற்று.

தினமும் காலையில் ஜீப்பின் கடைசியில், திறந்தே கிடக்கும் பின்கதவை ஒட்டிய இடம் அவளுக்கு. மடிப்பிள்ளைக்காரி உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு நெருக்கடி என்று அழகுமலைதான் அங்கே உட்கார வைத்தான். பொன்னுமணி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். செக்போஸ்டு வந்ததும் தாயின் மார்பில் முகத்தைப் புதைத்துத் தூங்குவதுபோலக் கிடப்பாள். இன்ஸ்பெக்டர், "எத்தன வயசு?" என்பார். "ரெண்டரைங்கய்யா" என்பாள் பாண்டியம்மாள். அவர் கொஞ்ச நேரம் பிள்ளையின் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் சேலையை இழுத்து அந்தக் கால்களை மூடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் பொன்னுமணியின் கை காதைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு விளையாட்டு கிடையாது. கஞ்சி குடிக்கும்போதும் தொட்டுக் காட்டினாள், காட்டுக்கு ஒதுங்கும்போதும் தொட்டுக் காட்டினாள். செக்போஸ்டில் இன்ஸ்பெக்டர் குனிந்தபோது, தூக்கத்தை மறந்து தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். பாண்டியம்மாள் சேலை மறைவில் அவள் தொடையைத் திருகினாள். ரத்தம் கட்டுகிற அளவுக்குத் திருகினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏறும்போதே பொன்னுமணி கேட்டாள்: "செக்போஸ்டு தாண்டினதும் தொட்டுக்கிறவாம்மா?"

முந்தின நாள் திருகியது பாண்டியம்மாளின் விரல்களிலேயே உறுத்திக்கொண்டிருந்தது. "தாண்டினதும் தொட்டுக்க ஆத்தா" என்றாள்.

செக்போஸ்டு தாண்டியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. அழகுமலை ஜீப்பை வெட்டித் திருப்பினான். அந்த நேரம் பார்த்துப் பொன்னுமணி கம்பியிலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேல் வளைத்து, "எம்மா, இங்க பாரு" என்றாள். பாண்டியம்மாள் பார்த்தாள். மடி லேசாயிற்று.

வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஜீப்பில் வெற்றிலைப்பெட்டி கூடக் கவிழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகுமலை அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான். "யக்கா, வயசு கேப்பாங்க. மாத்திச் சொல்லிறாத. ஓவர்லோடுன்னா என்னைய உள்ள வச்சிருவாங்க. எம்பிள்ளைக ரெண்டும் தெருவுல நிக்கும்."

அவள் தம்பியின் தலையைப் பார்த்தபடி இருந்தாள். வகிடெடுத்துச் சீவிய தலை கலையாமல் இருந்தது.

டாக்டர் கேட்டார். "ரெண்டரை" என்றாள்.

அவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாயில் புதிதாக ஒரு பல் முளைவிட்டிருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"ரெண்டரைங்கய்யா."

டாக்டர் பேனாவை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

வண்டியைச் சோதித்துவிட்டுப் பெத்துராஜ் வந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. பிரேக்கில் கோளாறில்லை, ஆள் கணக்கும் சரி என்று போலீஸ்காரரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பாண்டியம்மாளிடம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, தினம் பாக்குறேன். எனக்குத் தெரியாதா அந்தப் பிள்ளைக்கு ரெண்டரை இல்லைன்னு? ஒரு அரை ஆளு கூடுதலா இருந்ததுக்காக நான் இந்த ரோட்டுல ஒரு வண்டியயும் ஓரங்கட்டுனதில்ல. ஆடி மாசமே உன் தம்பிகிட்டச் சொன்னேனே, பிள்ளைய உள்ள தள்ளி சீட்டுல ஒக்கார வைய்யின்னு. சொல்லலையா?"

பாண்டியம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

அழகுமலை எழுந்து நின்றான். "இவளுக்கு உள்ள எடம் குடுத்தா, நாளைக்கு ஆளாளுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்து எடம் கேப்பாளுக யக்கா. ஒம்பது பேரு ஒக்கார முடியாது. தோட்டத்துக் கங்காணி ஆளு கொறஞ்சுதுன்னு வண்டியப் புடுங்கி வேற ஒருத்தன்ட்ட குடுத்துருவாரு. அதுக்குத்தான்…"

அவள் அவனைத் தாண்டி டாக்டரின் அறைக்குப் போனாள்.

"அய்யா, வயச மாத்தணும். எம்பிள்ளைக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு. கையி காதத் தொடும்."

டாக்டர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கீழே அவளுடைய கைநாட்டின் மை காய்ந்திருந்தது. "மாத்தலாம். முதல்ல சொன்னது பொய்யுன்னு எழுதிக் குடுக்கணும். அது போலீசுக்குப் போகும். அவங்க மறுபடியும் விசாரிச்சு முடிக்கிறவரைக்கும் பிள்ளைய வெளிய விட முடியாது. ரெண்டு நாளாவது ஆகும்."

"எங்கய்யா இருப்பா?"

அவர் கொல்லைப்பக்கம் தனியாக நின்ற, பிணம் போடும் தகரக்கூரை அறையைக் காட்டினார். கதவின் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. அந்த ஓட்டையை ஒட்டி இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

நெடுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்யா" என்றாள். "அப்படியே குடுத்துருங்க."

துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அழகுமலை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் காகிதத்தோடு நடந்தாள்.

வெளிவாசல் காவல்காரன் வெள்ளைத்துரை காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு, துணிக்கு வெளியே அவள் முழங்கால்வரை தொங்கிய பாதங்களைப் பார்த்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"இதுல ரெண்டரை வயசுன்னு போட்டிருக்கு. நீ கொண்டுபோறது பெரிய பிள்ளையால்ல இருக்கு? வேற யாரு பிள்ளையயாவது மாத்தித் தூக்கிட்டியா?"

பின்னால் அழகுமலை வந்து நின்றான்.

"மாத்தலைங்க. எம்பிள்ளைதான்."

"வயசு?"

"ரெண்டரை."

வெள்ளைத்துரை இன்னொரு தரம் அந்தக் கால்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான்.

"ரெண்டரை வயசுக்கு நல்லாத்தான் வளத்திருக்க" என்றான்.