கையில் ஒட்டிய டீசல்

பஞ்சநதம் சாவியை ஏழாவது தடவையாகத் திருப்பினார். வண்டி கர்ர் கர்ர் என்று இருமியதே தவிர, பிடிக்கிற வழியைக் காணோம். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் ஹீட்டரும் சூடேறியது. பிறகு என்ன கேடு என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

கூத்தாநல்லூர் அப்துல் மஜீதிடம் வாங்கிய பழைய டீசல் அம்பாசடர் அது. விற்ற அன்றைக்கே மஜீது படித்துப் படித்துச் சொன்னார். "டேங்கை மட்டும் ஒட்டக் காலி பண்ணிடாதீங்க. பைப்புல காத்து பூந்துச்சுன்னா வண்டி அசையாது." யானை வாங்கினவனுக்கு அங்குசம் வாங்கத்தான் மனசு வராதே! பஞ்சநதம் என்றைக்கும் ஐந்து லிட்டருக்கு மேல் போட்டவரில்லை. நேற்று அதையும் உறிஞ்சி எடுத்துவிட்டார்.

ஏன் எடுத்தார் என்பதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

வாய்க்கால்கரை மூன்று ஏக்கர் அவருடையது. பதினெட்டு வருஷமாக அதில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன் காத்தான். கரையில் கிடக்கும் ஆயில் எஞ்சின் மட்டும் பஞ்சநதத்தின் அப்பா வாங்கிப் போட்டது. டீசல், ஆள், உரம், நாற்று எல்லாம் காத்தானுடைய பாடு. இந்த ஊரில் எந்தக் கட்சிக் கொடி ஏறினாலும் இறங்கினாலும், உழுகிறவன் பெயரைப் பதிவில் ஏற்றலாம் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. காத்தான் மனுப் போட்டான். பெயர் ஏறிவிட்டால் அப்புறம் அவனை லேசில் கிளப்ப முடியாது. பஞ்சநதத்துக்குத் தூக்கம் போயிற்று.

வக்கீல் அமிர்தலிங்கம்தான் வழி சொன்னார். "குத்தகைக்காரனே இல்லைன்னுடுங்க. உங்க எஞ்சினை ஓட்டுற கூலியாளு, அவ்வளவுதான். நீங்க சொந்தமா சாகுபடி பண்றீங்க. விசாரணைக்கு மொத நாளு நாலு பேரு பாக்க நீங்களே போயி தண்ணி இறைச்சுடுங்க."

அதற்காகத்தான் நேற்று மாலை காரிலிருந்து ரப்பர் குழாயால் டீசலை உறிஞ்சி, கேனில் பிடித்து, அந்த வயலில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டினார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வரப்பில் நின்று காத்தானும் பார்த்தான்.

இப்போது மணி எட்டே முக்கால். பதினோரு மணிக்குத் தாசில்தார் முன்னால் நிற்க வேண்டும். போகாவிட்டால் வழக்கு காத்தான் பக்கம் சாய்ந்துவிடும்.

"என்னங்க ஆச்சு?"

கேட்டது காத்தானேதான். சலவைச் சட்டை, தோளில் துண்டு, கையில் குத்தகைச் சீட்டுகள் வைத்த மஞ்சள் பை. அதே விசாரணைக்கு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு நின்றுவிட்டான்.

"பிடிக்க மாட்டேங்குதுப்பா."

காத்தான் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான். குச்சி ஈரமில்லாமல் வந்தது. அவன் நிமிர்ந்து பஞ்சநதத்தின் முகத்தைப் பார்த்தான். டீசல் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பஞ்சநதத்துக்கு.

"காத்து பூந்துடுச்சுங்க. இருங்க, வர்றேன்."

வீட்டுக்குப் போய், தன் வயலுக்கு வைத்திருந்த டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை டேங்கில் ஊற்றினான். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். ஃபில்டரின் மேலே இருந்த திருகைத் தளர்த்திவிட்டுக் கைப் பம்பை அழுத்தினான். நுரை நுரையாக வந்தது. அழுத்தினான், அழுத்தினான், நுரை நிற்கிற வழியாக இல்லை.

அப்போது பஸ் வந்தது. தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. காத்தானின் தலை பானெட்டுக்குள் இருந்தது. பஞ்சநதத்தின் கண் பஸ்ஸின் மேல் இருந்தது. 'காத்தா, பஸ்ஸுடா' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவர் சொல்லவில்லை. இவன் வராவிட்டால் கேஸ் தானாக முடிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. சீ, அதுவும் ஒரு மனசா!

பஸ் போய்விட்டது.

நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் காத்தான் திருகை இறுக்கினான். "இப்ப அடிங்க." வண்டி இரண்டு தடவை திணறிவிட்டு, கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது.

"இந்தத் திருகு வாஷர் தேஞ்சு போச்சுங்க. டவுன்ல மாத்திடுங்க. இல்லாட்டி நிறுத்தினா மறுபடியும் காத்து இழுக்கும்."

பஞ்சநதம் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். காத்தான் பின்னால் நகர்ந்தான்.

"நல்லா இருக்கே! கூலிக்கா செஞ்சேன்? வச்சுக்குங்க." துண்டில் கையைத் துடைத்து, சட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டே, "பஸ்ஸு போயிடுச்சு. நானும் வண்டியில ஏறிக்கட்டுங்களா?" என்றான்.

எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? ஏற்றிக்கொண்டார். எட்டு மைல் ஓடியது வண்டி. டவுன் எல்லையில் ரைஸ் மில் வந்ததும் பஞ்சநதம் வண்டியை நிறுத்தினார்.

"இங்க எறங்கிக்கிறியா? வக்கீல் பார்த்தா ஏதாச்சும் நெனைப்பாரு."

"சரிங்க," என்று காத்தான் இறங்கி நடந்தான். வாஷர் வாங்கப் பஞ்சநதத்துக்கு நினைவிருந்தது. ஆனால் கடை பக்கம் திரும்பினால் அவனை மறுபடி தாண்டிப் போக வேண்டும். போகவில்லை.

விசாரணை பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. காத்தான் நடந்து வந்து வேர்த்து நின்றான். அவன் நீட்டிய சீட்டுகளில் பஞ்சநதத்தின் கையெழுத்து இல்லை என்று வக்கீல் ஒதுக்கிவிட்டார். தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார் தாசில்தார். போட்டான். தாளின் ஓரத்தில் கறுப்பாக அவன் விரல் பதிந்தது.

"என்னய்யா இது, கையெல்லாம் எண்ணெய்?"

அமிர்தலிங்கம் துள்ளி எழுந்தார். "அதைத்தாங்க நாங்களும் சொல்றோம்! நகக்கண்ணைப் பாருங்க. எஞ்சின் ஆளுங்க இவரு. கூலிக்கு ஓட்டுறவரு. சாகுபடி பண்றவன் கையில சேறுதானே இருக்கும்?"

அறையில் யாரோ சிரித்தார்கள். காத்தான் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"இன்னிக்கு என் கையில எப்படி எண்ணெ வந்துச்சுன்னு ஐயாவுக்கே தெரியும். அவரே சொல்லட்டுங்க. அவரு சொல்றதை எழுதிக்குங்க."

தாசில்தார் திரும்பினார். "சொல்லுங்க. இவர் உங்ககிட்ட எஞ்சின் ஓட்டுற ஆளா?"

பஞ்சநதத்துக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. மூன்று ஏக்கரும் கூடவே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோற்றைப் பார்க்கிற தைரியமாவது வேண்டும். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆமாங்க. கூலிக்கு."

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்து சாவியைத் திருப்பினார். கர்ர் கர்ர். வாஷர்! பானெட்டைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, தெரிந்த மட்டும் பம்பை அழுத்தினார். நுரைதான் வந்தது. வக்கீல் வேறு கேஸ் இருக்கிறது என்று நழுவிவிட்டார். மனு எழுதுகிறவர்களும் டீக்கடைக்காரரும் வேடிக்கை பார்த்தார்கள். வேர்வை கண்ணில் இறங்கியது.

"தள்ளிக்குங்க."

காத்தான். பஞ்சநதம் தள்ளி நின்றார், தலையைத் தூக்கவில்லை. காத்தான் துண்டின் ஓரத்திலிருந்து நூலைப் பிரித்துத் திருகின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினான். காற்றை வெளியேற்றினான். திருகை முடுக்கிச் சாவியைத் திருப்பினான். வண்டி முதல் அடியிலேயே பிடித்தது.

"காத்தா..." என்றார் பஞ்சநதம்.

காத்தான் கறுத்த கையை அவர் முன்னால் நீட்டினான்.

"கூலி குடுங்க."

"என்னப்பா..."

"கூலியாளுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. கூலி குடுங்க."

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் ஆபீஸ் மாடிப்படி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஏறிப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பஞ்சநதம் படியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, காலையில் நீட்டிய அதே நோட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். காத்தான் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தான்.

சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி பிரகதாம்பாள் கேட்டாள்.

"காலையில காத்தான்தான் வந்து வண்டியைக் கெளப்பிக் குடுத்தானாமே. ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அவன் கையில வாங்க மாட்டானே!"

பஞ்சநதம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னிக்கு வாங்கிக்கிட்டான்."