இடது பக்கம் கார்

என் அப்பா, ரப்பர் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் சின்னையா கங்காணி, வாயைத் திறந்தால் சட்டம். மூடினாலும் சட்டம்தான். "பஸ்ல தொங்கிட்டு வர்றவனுக்குப் பொண்ணு இல்ல. கார்ல வந்து என் வாசல்ல எறங்கட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று, என்னைப் பெண் கேட்ட இருளப்பனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இருளப்பனோ சுங்கைப் பட்டாணி டவுனில் பஸ்களுக்கு மரக்கூடு கட்டும் ஆசாரி. அவரைத் தவிர எனக்கு வேறு மாப்பிள்ளை வேண்டாம்.

முடிவெட்டும் கடையில் கிடந்த பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்தார். இத்தாலியில் கண்காட்சிக்காகச் செய்த ஸ்டேஷன் வேகன் கார். பின்பக்கமெல்லாம் பளபளக்கும் மரம். உலகத்திலேயே அது ஒன்றுதான், இரண்டாவது செய்யவே இல்லை என்று பக்கத்து நாற்காலியில் இருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி படித்துச் சொன்னார். "ரெண்டாவத நான் செய்றேன் லா" என்று இவர் படத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். பட்டறைக்குப் பின்னால் நசுங்கிப்போன பழைய ஃபியட் ஒன்று கோழி அடையக் கிடந்தது. கோழிகளை விரட்டிவிட்டு நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினார்.

படத்தில் தெரிந்தது இடது பக்கம் மட்டும். மறு பக்கம் எப்படி இருக்கும்? ஒன்றே ஒன்று உள்ள வண்டியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? பதினைந்து வருஷம் பஸ் கட்டிய கை, பழக்கதோஷத்தில், வலது பக்கம் கதவே வைக்காமல் அடைத்து, வரிசையாக ஜன்னல் வெட்டி, மழைக்குச் சுருட்டிவிடும் கேன்வாஸும் மாட்டிவிட்டது. அந்தப் பக்கம் அச்சு அசல் பஸ் என்று வார்னிஷ் காய்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. 'உங்கள் வீடு இடது பக்கம்தானே, பயப்படாதே' என்று எனக்குக் கடிதம் எழுதினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். புக்கிட் செலம்பா தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட். கார் உள்ளே வரலாம். பஸ் வரக்கூடாது, வெளியிலேயே எல்லாரும் இறங்கி, சோதனை முடிந்து, நடந்துதான் வர வேண்டும். நடந்து வந்தால் கல்யாணம் இல்லை.

தட்டு மாற்றும் நாளன்று அப்பா லயத்தையே கூட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கு இடது பக்கம் நின்றார். வலது பக்கம் காவல் கூண்டில் போலீஸ்காரர் ஜைனல். இருளப்பன் ஓட்டி வந்த வண்டி, உறவுக்காரர்களோடு, நடுவில் வந்து நின்றது.

"பஸ் உள்ள போக முடியாது லா! எல்லாரும் எறங்கு!" என்றார் ஜைனல்.

"ஒனக்குக் கண்ணு பொட்டையா? கார்யா இது!" என்றார் அப்பா.

"பஸ்!"

"கார்!"

தோற்றுப் பழக்கமில்லாத மனிதர். லயத்துச் சனங்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, காரா பஸ்ஸா?" என்றார். கங்காணி கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? "கார்!" என்று கத்தினார்கள். "மாரியாத்தா மேல சத்தியம், இது என் மாப்பிள்ளையோட கார்!" என்றார் அப்பா. அதோடு விட்டிருக்கலாம். "வந்து காட்டுறேன் இரு" என்று வண்டியைச் சுற்றிக்கொண்டு ஜைனல் பக்கம் போனார்.

 அந்தப் பக்கத்து ஜன்னல் வரிசையும் கேன்வாஸும் இப்போது அவர் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய இருளப்பனின் அத்தை குரல் மட்டும் கேட்டது: "வாங்க சம்பந்தி!"

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"கார்தான். எழுதிக்கய்யா."

ஜைனல் எழுதிக்கொண்டார்.

எங்கள் வாசலில் வண்டி நின்றது. எல்லாரும் இடது பக்கமாகவே இறங்கினார்கள். கடைசியில் இருளப்பன், கியர் கம்பியைத் தாண்டி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா தட்டை வாங்கிக்கொண்டு அவர் காதோரம் குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"போறப்ப திருப்பாதீங்க மாப்பிள்ளை. ரிவர்ஸ்லயே போயிருங்க."