ஓரம் வெட்டுண்ட இரண்டு ரூபாய்

அருள்நேசனுக்குப் பிழையாக அச்சடித்த காசென்றால் உயிர். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. நாள் முழுக்கக் காசுக் குற்றிகள் விரலிடுக்கில் ஓடும். எழுத்து இரண்டு தரம் விழுந்தது, நடு விலகிப் பதிந்தது என்று எது அகப்பட்டாலும் தன் காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். ஊரில் எவனிடமும் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்று அவனுக்கொரு திமிர்.

பெண்சாதி மதுஷாவுக்கு இது ஆகவே ஆகாது. "கண்டதையும் வாயிலை வைக்கிற பிள்ளை இருக்கிற வீடு" என்று வருடப்பிறப்பன்று ஒற்றைக்காலில் நின்றாள். மனுசனும் வேதப்புத்தகத்தில் கைவைத்து, எல்லாவற்றையும் பஸ்ஸில் மிச்சக்காசாகக் கொடுத்து முடிப்பதாகச் சத்தியம் பண்ணினான். கொடுக்கவும் செய்தான், ஒன்றைத் தவிர. அது ஓரத்தில் பிறைபோல வெட்டுண்டு வந்த இரண்டு ரூபாய். காற்சட்டையின் உள்பையிலேயே அதை ஒளித்து வைத்திருந்தான்.

இன்றைக்கு மத்தியானம், கதிரையில் தொங்கிய காற்சட்டையைத் துழாவி, மூன்று வயது லவீனா அதை விழுங்கிப்போட்டாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த டொக்டர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது.

"தொண்டையிலை நிக்கேல்லை. வயித்துக்கை இறங்கீட்டுது. என்ன காசு?"

"ரெண்டு ரூவாய்க் குத்தி டொக்டர். இவரின்ரை பஸ் காசு" என்றாள் மதுஷா.

"அப்ப பயப்பிடாதேங்கோ. வட்டக் காசு ரெண்டு மூண்டு நாளிலை தானாய்ப் போகும். வீட்டை கொண்டுபோய்ப் பாருங்கோ."

அருள்நேசன் எட்டிப் பார்த்தான். வயிற்றுக்குள் காசு விளிம்புப் பக்கமாக நின்றதால் படத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரிந்தது. வெட்டு எங்கேயும் தெரியவில்லை. அந்த வெட்டின் இரண்டு முனையும் எவ்வளவு கூர் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். போன மாதம் அதைத் தடவிப் பார்க்கப் போய்ப் பெருவிரலில் இரத்தம் கண்டவன் அவன்.

சொல்ல வாய் எடுத்தான். மதுஷா தோத்திரம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான். பஸ்ஸில் ஐம்பது பேருக்கு மேலாகக் குரல் வைக்கிற மனுசன், ஒரு பெண்சாதிக்கு முன்னால் ஊமையாகி நின்றான்! போய்விடும், காசுதானே, போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான்.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. லவீனா அவன் தோளிலிருந்து வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

"அப்பா, காசு உள்ளுக்கை நித்திரையோ?"

அவன் ஓட்டோவில் ஏறாமல் நின்றுவிட்டான்.

"மது, அது வட்டமில்லை."

"எது?"

"விழுங்கின காசு. ஓரம் வெட்டுப்பட்டது. கத்திமாதிரி இருக்கும். நான் அதை மட்டும் குடுக்கேல்லை."

அவள் கத்துவாள் என்று பார்த்தான். கத்தவில்லை. பிள்ளையை அவன் தோளிலிருந்து பறித்துக்கொண்டு திரும்பி உள்ளே ஓடினாள்.

"இதை முதலே சொல்லியிருக்கோணுமெல்லோ!" என்று டொக்டர் சீறினார். அதன்பிறகு எல்லாம் அவசரம்தான். அம்புலன்ஸில் யாழ்ப்பாணம், கையெழுத்து, மயக்க மருந்து, வாய்வழியாகக் குழாய். பூட்டிய கதவுக்கு வெளியே கிடந்த நீள வாங்கின் ஒரு முனையில் மதுஷாவும் மறுமுனையில் அவனும் இருந்தார்கள். ஆண்டவரே, இந்த ஒருதரம், என்று அவன் நூறுதரம் கேட்டிருப்பான். பிள்ளைக்கு ஒன்றென்றால் தான் உயிரோடு இருப்பதில்லை என்றுகூட நினைத்தான். அது பொய்யில்லை.

கதவு திறந்தது. தள்ளுகட்டிலில் லவீனா அரை மயக்கத்தில் முனகிக்கொண்டு வந்தாள். "ஒரு கீறலும் இல்லை, நல்ல நேரத்துக்குச் சொன்னியள்" என்றார் பின்னால் வந்த டொக்டர். அவர் கையில் ஒரு சின்னப் போத்தல், அதற்குள் அந்த இரண்டு ரூபாய்.

அருள்நேசன் கண் போத்தலில்தான் போய் நின்றது. கழுத்தை ஒருபக்கம் சரித்து, வயிற்றுக்குள் கிடந்து கறுத்துவிட்டதோ என்று வெட்டின் ஓரத்தைத் தேடினான். ஒரு கணம்தான்.

"உங்கடை காசு கறுக்கேல்லை" என்றாள் மதுஷா பக்கத்திலிருந்து. "இனிப் பிள்ளையைப் பாருங்கோ."