புகைபோக்கிக்குள் சிமெண்ட்

1
இந்தக் கதை என் காரின் பின்பக்கத்தில் பிறந்தது. டென்னஸி மலையில், ஆந்தைப் பள்ளம் மாநிலப் பூங்காவின் 'முதல் குடியேறி மரவீடு' அருகே வண்டியைப் பின்னால் எடுத்தேன். புகைபோக்கி வழிவிட்டு நகரவில்லை. [நகர்ந்திருக்கலாம் என்பது என் கட்சி.] சில கற்கள் விழுந்தன. உள்ளே சிமெண்ட்.

"இருநூறு வருஷத்து வீட்ல சிமெண்டா?" என்றேன்.

பூங்கா ரேஞ்சர் வெண்டல் அக்கம்பக்கம் பார்த்தார். "வரலாற்றுப் பலகைக்கு நீங்கதானே எழுதுறீங்க? நீங்க சிமெண்டை மறந்துடுங்க. இடிச்சது யாருன்னு நான் மறந்துடுறேன்."

மறந்தேன். என் விலை அவ்வளவுதான்.

2
பலகைக்கு முதல் தொடக்கம்: '1936இல் விவசாயி ஹார்லன் கிரிப்ஸ் தன் நிலத்தை மனமுவந்து'

வேண்டாம். ஹார்லனின் மகள் மிஸ் ஓப்பல் உயிரோடு இருக்கிறார். அவர் நாக்கும்.

இரண்டாம் தொடக்கம்: 'மலைகளின்மீது பனி அழுதுகொண்டிருந்த'

(பனி அழாது. படித்துவிட்டு நான்தான் அழுதேன்.)

3
மே மாத ஞாயிறு. பூங்காவுக்குள் மாட்டிக்கொண்ட கல்லறைகளுக்குப் பழைய குடும்பங்கள் பூ வைத்துவிட்டு, பக்கத்திலேயே மேசை போட்டுச் சாப்பிடும் நாள். மிஸ் ஓப்பல் என் தட்டில் வறுத்த கோழியை வைத்தார்.

"புகைபோக்கியை இடிச்ச மகராசன் நீதானா கண்ணு? எங்கப்பா கட்டினது. புயலே அசைக்கல."

"முதல் குடியேறி கட்டினதில்லையா?"

"குடியேறியாவது! பூங்கா வேணும்னு எங்களைக் கிளப்பிட்டு வீட்டைப் பிரிச்சாங்க. அப்புறம் டூரிஸ்டுக்குக் காட்ட பழைய வீடு வேணுமாம். அதே இடத்துல, எங்க மரத்தை வெச்சே, அப்பாவையே கூலிக்குக் கட்டச் சொன்னாங்க. வாசல்ல உக்கார ஒரு கிழவனும் வேணும்னாங்க. அப்பாவுக்கு முப்பத்தஞ்சு வயசு. ஒட்டுத்தாடி குடுத்தாங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"நிலத்தை மனசாரக் குடுத்தார்னு அப்பா பேர்ல எழுதினே, பலகையைப் பிடுங்கி அடுப்புல வெச்சுருவேன்."

4
வெண்டலிடம் சொல்லிவிட்டேன்: கற்களை என் செலவில் பதிக்கிறேன், சிமெண்ட் பலகையில் இருக்கும். வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தக் கதைக்குக் கடைசி வரிதான் பாக்கி. வாசகரே, பொறுக்கிக்கொள்ளுங்கள்:

(அ) ஹார்லன் தாடியைப் பிய்த்து அதிகாரியின் முகத்தில் எறிகிறார்.
(ஆ) வீட்டுக்குத் தீ வைக்கிறார்.
(இ) பனி மீண்டும் அழு

எனக்குப் பிடித்தது (அ). கல்லறைப் பக்கத்து மேசைக்குத் திரும்பி, மிஸ் ஓப்பலிடம் வாசித்துக் காட்டினேன்.

"எறியல கண்ணு. சொந்தத் தாடி நரைக்கிற வரைக்கும் அங்கேயே உக்காந்தார்."

"அவ்வளவு அவமானத்தை ஏன் பொறுத்துக்கிட்டார்?"

"ஆப்பிள் பை ஆறிடும், சாப்பிடு."

"மிஸ் ஓப்பல், ஏன்?"

"உன் காரை எங்கே நிறுத்தியிருக்கே? கல்லறைங்க பயப்படுது."

"ஏன்?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"வேற எப்படி கண்ணு அவர் தினமும் வீட்டுக்குப் போறது?"