முகுந்தன் எழுதிய வரிகள்

என் கணவர் முகுந்தன் இறந்துபோன பிறகு அவருடைய வேலை என் மேசைக்கு வந்தது. நாங்கள் இருவரும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரே சின்ன கம்பெனியில்தான் இருந்தோம். துணிக்கடைகளுக்கு விலைச்சீட்டு அடிக்கும் பிரிண்டர் செய்கிறோம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் முழுக்க அவர் எழுதியது.

எழுதிய வரிகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் புது கம்பைலர் அதைப் படித்துவிட்டுப் பக்கம் பக்கமாக எச்சரித்தது. கடைக்காரர் தட்டும் எழுத்தை, அச்சுக் கட்டளை இருக்க வேண்டிய இடத்திலேயே அவர் நேராக விட்டிருந்தார். அதில் % குறி வந்தால் டிரைவர் அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத எதையோ தேடிப் போய் நின்றுவிடும். முன்னால் ஒரு "%s" சேர்த்து, பின்னால் வருவது வெறும் எழுத்து என்று சொல்லிவிட்டால் போதும். அவ்வளவுதான் திருத்தம்.

ஆனால் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத் திரை காட்டும். நான் தொட்டால் முகுந்தன் என்பது போய், ஷாமினி என்று என் பெயர் வந்துவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

"வார்னிங்க மூடி வெச்சிடுங்க அக்கா," என்றான் டீம் லீடர் பிரவின். "இத்தன வருசம் ஓடுச்சுதானே."

அன்று மதியமே கிள்ளான் துணிக்கடையிலிருந்து மைமூன் அக்கா போன் செய்தார்.

"தங்கச்சி, பெருநாளுக்கு 50% சேல்னு இங்கிலீஷ்ல அடிச்சேன். உங்க மெஷின் எனக்கு முன்னாடியே நோன்பு பிடிச்சு படுத்துக்கிச்சுலா. கையால எழுதி ஒட்டிக்கிட்டிருக்கேன்."

உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். கடைசியில் பிரவின் வந்து பின்னால் நின்றான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணன் பேர்லயே சேவ் பண்ணலாம் அக்கா. ஆப்ஷன் இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் பெயரை அடித்தும் விட்டேன். பக்கத்தில் அன்றைய தேதி நின்றது. அவர் பார்க்காத தேதி. அன்று அவர் வேலைக்கு வந்ததாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

சாயங்காலம், நான் அனுப்பிய திருத்திய டிரைவரைப் போட்டுப் பார்த்து மைமூன் அக்கா படம் அனுப்பினார். சீட்டு ஒழுங்காக வந்திருந்தது.

நான் தொடாத வரிகளில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அவற்றில் திருத்த ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.