புனேவுக்கு வந்த புளிக்காய்ச்சல்

புனேவில் வேலை பார்க்கும் குந்தவைக்கு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதாமாதம் பார்சல் வரும். இம்முறை புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்ததுமே நிறுத்திவிட்டாள். கடலையில் தோல் இருந்தது. வெந்தயம் கருகியிருந்தது. இது அம்மா கையே இல்லை.

வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா குளிக்கிறா," என்றார் அப்பா தியாகராசன். மறுநாள், "கோயிலுக்குப் போயிருக்கா."

அம்மா மங்களாம்பிகை தானாகவே கூப்பிட்டுப் பேசினாள். ஆனால் வீடியோவில் வர மறுத்தாள். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். உடம்புக்கு ஏதோ, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மறைக்கிறார்கள் என்று குந்தவைக்குத் தோன்றியது. சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அப்பா மட்டும் அடுப்படியில் நின்றார். வேட்டியில் மஞ்சள் கறை.

"அம்மா எங்கப்பா?"

கரண்டியைக் கீழே வைத்தார். "மன்னார்குடியில. லேடீஸ் ஹாஸ்டல்ல சமைக்கிறா. அங்கயே தங்கிட்டா."

"அப்ப பார்சல்?"

"நீ பட்டினி கெடக்கக் கூடாதுல்ல."

குந்தவை அடுத்த பஸ்ஸில் மன்னார்குடி போனாள். அம்மா ஹாஸ்டல் கூடத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லுவ." அம்மா அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். "காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன். எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல உங்கப்பா. எனக்கு யாரு சோறு போடுவான்னு கேட்டாரு. எந்திரிச்சு வடிச்சுப் போட்டேன். உடம்பு தேறுனதும் கெளம்பிட்டேன்."

குந்தவை இத்தனை மாதம் ஏங்கிய ரசச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பார்சல் அப்பா செஞ்சதும்மா."

அம்மாவின் கை நின்றது. "அவரா?"

வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். குந்தவை கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. வேணும்னா வரச் சொல்லு. சாப்பாடு அவரு கொண்டாரணும்."

குந்தவை வாசலில் நின்றே அப்பாவுக்குப் போன் செய்து அம்மா சொன்னதைச் சொன்னாள்.

"என்ன கொழம்பு வைக்கட்டும்? அவளுக்கு எது புடிக்கும்?"

குந்தவை யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.