எல்லாவற்றுக்கும் ஆமா

"பத்து மணிக்கு லைன ஆஃப் பண்ணிடுவோம்மா. சாயங்காலம்தான் வரும்" என்று வாசல் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தபடியே லைன்மேன் சொல்லிவிட்டார். மணி ஒன்பது ஐம்பது. நான் உள்ளே கம்ப்யூட்டரிடம் ஓடினேன்.

என் தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல், "ஆமா". எதைக் கேட்டாலும் ஆமாதான். தலையும் கூடவே ஆடும். புத்தி பழையபடி இருக்கிறது, சொல்தான் சிக்கிக்கொண்டது என்றார் பேச்சுப் பயிற்சி டாக்டர். அவர்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு அனிமேஷன் எடிட்டரைப் போட்டுக் கொடுத்தார். படத்தை அமுக்கினால் அது ஆடும், பேசும். அப்படி நாமே செய்துகொள்ளலாம்.

பத்து நாள் முதுகொடிய உட்கார்ந்து நாற்பது படம் செய்தேன். டாக்டர் காட்டிக் கொடுத்தபடி, திரையில் கலர் கலரான கட்டளைக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, என் குரலையே பதிந்தேன். தண்ணீர், வலி, ஜன்னலைத் திற. இன்று காலைதான் கடைசிப் படம் முடிந்தது: விரித்த உள்ளங்கை, "வேண்டாம்".

ஒன்றைக்கூடச் சேமிக்கவில்லை. முதல் நாளே மெனுவைத் திறந்து ஏதோ ஒரு வரியை அமுக்கப்போய், செய்த ஐந்து படமும் சுத்தமாகப் போய்விட்டன. மெனு முழுக்க நான் படிக்காத மொழி. அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. ராத்திரியில் திரையை மட்டும் அணைத்து மேலே துண்டைப் போட்டுவிடுவேன். என் புத்தியில் இடி விழ.

டாக்டர் போனை எடுக்கவில்லை. மெனுவைத் திறந்தேன். மூன்று வரிகள். தம்பி டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன், அந்த மொழி படிப்பான். பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் இருந்தான்.

"சேமிக்கறது மொத வரியாடா?"

"ஆமா."

"ரெண்டாவதா?"

"ஆமா."

"அப்ப மூணாவது?"

"ஆமா." அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஆமா ஆமான்னு என் உயிர வாங்காதடா" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் லைன்மேன் கம்பத்தின் உச்சியில் இருந்தார். வருவது வரட்டும் என்று முதல் வரிக்கு அம்பை நகர்த்தினேன். தம்பி இடது கையால் மவுஸை வெடுக்கென்று பிடுங்கினான். அம்பு தடுமாறித் தடுமாறி உள்ளங்கைப் படத்துக்குப் போனது.

"வேண்டாம்" என்றது கம்ப்யூட்டர், என் குரலில்.

மறுபடி மெனுவைத் திறந்து இரண்டாவது வரியை விரலால் காட்டினேன். "வேண்டாம்." மூன்றாவதைக் காட்டினேன். அவன் கை அசையவில்லை. அமுக்கினேன். பெயர் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவன் பெயரையே அடித்தேன். நாற்பது படமும் தப்பித்தன.

"பொழச்சோம்டா" என்று அவன் தோளைக் கட்டிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக இவனிடம் என்னவெல்லாம் கேட்டிருக்கிறேன்? இன்னும் ஒரு வாய் ஊட்டட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா. போன மாதம், கடையைக் காலி செய்துவிடட்டுமா என்றும் கேட்டேன். அவன் ஆமாவுக்கு அர்த்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எனக்குத் தோதாக இருந்ததால் நம்பிக்கொண்டேன். வாடகைக்கு விட்டவரிடம் கடைச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது.

"கடைய விட்டுட்டது..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த உள்ளங்கையை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று என் குரலே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.